போச்சா என்று கேட்ட நாட்கள்

எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்டாச்சா?" என்று கேட்பார்கள். என் வீட்டு வாசலில் மட்டும் அது "போச்சா?" என்று மாறி இரண்டு வருஷமாகிறது. காலையில் பால் ஊற்ற வருகிறவர் கேட்பார். எதிர்வீட்டு டீச்சர் குடையை விரித்துக்கொண்டே கேட்பார். எங்கள் வீட்டுப் பூனை இன்றைக்கு வெளிக்குப் போனதா என்பதுதான் கேள்வி. "இல்லீங்க" என்று நான் சொன்னால், அவர்கள் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் விடவில்லை என்பதுபோல உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள்.

பூனைக்கு வயது பதினாலு. இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அது வந்து சேர்ந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கியது. அப்போது நான் அரியலூர், பெரம்பலூர் ரூட்டில் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கடைசி டிரிப்பில் பெரம்பலூரில் ஏற்றிய சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கத்திக்கொண்டிருந்தது. துண்டில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "பஸ்ல யாராவது எதையாவது வுட்டுட்டுப் போனா ஆபீஸ்ல ஒப்படைக்கிற ஆளு, இத மட்டும் ஏன் இங்க கொண்டாந்தீங்க?" என்று என் மனைவி கேட்டாள். கேட்டபடியே பஞ்சைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். அன்றோடு பூனை அவளுடையதாகிவிட்டது. என்னை அது கூடவே குடியிருக்கிற ஆளாகத்தான் வைத்திருந்தது.

நான் படித்தது எட்டாவது வரை. மற்றதெல்லாம் முப்பது வருஷம் பஸ்ஸில் நின்று ஜனங்கள் பேசக் கேட்டது. முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு அந்தப் பேச்சு கேட்காமல் காதே வெறிச்சென்று இருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் பாப்பாவுக்கு வயிறு கட்ட ஆரம்பித்தது.

மணல் போட்டு வைத்த பேசினில் ஏறி உட்காரும். முக்கும். எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி உட்காரும். கடைசியில் ஒன்றும் இல்லாத மணலைப் பொறுப்பாக மூடிவிட்டு, தப்பு என்னுடையது என்பதுபோல ஒரு பார்வை பார்க்கும். இரண்டு நாள் போகவில்லையென்றால் பாயில் மஞ்சளாக வாந்தி இருக்கும். குடல் தளர்ந்துவிட்டது என்றார் அரியலூர் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர். "பழைய எலாஸ்டிக் மாதிரி. இழுத்தா திரும்பி வராது. சரியாகும்னு சொல்ல மாட்டேன், சமாளிக்கலாம்." அந்தச் சமாளிப்பு என்பது, பரங்கிக்காயைக் குழைய வேகவைத்து, உப்பில்லாமல் அவித்த கோழியோடு பிசைந்து, காலையும் மாலையும் ஊட்டுவது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் இனிப்பு மருந்து மூன்று மில்லி, அதுவும் இரண்டு வேளை. தண்ணீர் குடிக்க வைக்கக் கெஞ்சுவது. பேசினைப் பார்ப்பது. மறுபடியும் பேசினைப் பார்ப்பது.

இவ்வளவையும் என் மனைவிதான் செய்துவந்தாள். மடியில் துண்டைப் போட்டு, பூனையை அதில் சுருட்டி, கடைவாயில் சிரிஞ்சை விடுவாள். அவளிடம் அது சத்தமே போடாது.

போன ஐப்பசியில் திருப்பூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு இரண்டாவது பிரசவம். அங்கே பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. என் மனைவி நாற்பது நாள் இருந்துவிட்டு வருவதாகக் கிளம்பினாள். பஸ் ஏறும்வரை எனக்குப் பாடம்தான். "கத்துனா வுட்ராதீங்க. கடிச்சாலும் வுட்ராதீங்க. துப்புனா மறுபடி குடுங்க." ஜன்னல் வழியாகவும் தலையை நீட்டி, "பரங்கிக்காய் தோல சீவிட்டுப் போடுங்க!" என்றாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "கைக்கொழந்தைங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, பதினாலு வயசு" என்றேன்.

முதல் வாரம் தட்டுத்தடுமாறி ஓடியது. என் கை முழுக்கக் கீறல். அவள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். எடுத்ததும், "ஏங்க, போச்சா?" போனது என்று சொன்னால் சிரிப்பாள். "இங்க ஒண்ணு அரை மணிக்கு ஒருதரம் போவுது, துணி மாத்தி மாளல. அங்க ஒண்ணு போக மாட்டேங்குது. எனக்குன்னு வந்து வாய்ச்சுதுங்க பாருங்க" என்பாள்.

அப்புறம் ஒரு மூன்று நாள் பாப்பாவுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் போனில் அவள் குரல் நைந்துபோயிருந்தது. மகளுக்குத் தையல் போட்ட இடத்தில் வலி, காய்ச்சல். குழந்தை விடாமல் அழுகிறது. "எனக்கு ஒரே அசதியா இருக்குங்க. அது போச்சுன்னு மட்டும் சொல்லுங்க, செத்த நேரம் கண்ண மூடுறேன்" என்றாள்.

"போச்சு" என்றேன்.

அதோடு விடுவாளா? "எப்புடி? கெட்டியாவா, எளக்கமாவா?"

"நல்லா... வெரல் கணக்கா. ரெண்டு."

"என் தங்கம்!" என்றாள். "அப்ப மருந்தப் பாதியாக்கிருங்க. நல்லாப் போச்சுன்னா கொறச்சுக்கலாம்னு டாக்டர் சொன்னாருல்ல? பாவம், அதையும் எத்தன நாளு இம்சை பண்றது."

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. மறுநாள் காலையில் சிரிஞ்சை எடுத்தபோது பூனை கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது. குனிந்து இழுக்க என் முட்டி விடவில்லை. பாதி மருந்தோடு நிறுத்தினேன். அவள்தானே சொன்னாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போகாத பூனைக்கு, போனதாக நான் சொன்ன பேச்சை நம்பி அவள் சொன்ன அளவு அது. தெரிந்தேதான் செய்தேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சலிப்பு. அன்று சாயங்காலமும் போன் வந்தது. போச்சு என்றேன். அதற்கடுத்த நாளும் போச்சு என்றேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நடுவழியில் இறங்க எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் நாள் காலை பாப்பா பரங்கிக்காய்ப் பக்கமே திரும்பவில்லை. மூலையில் போய் முதுகைக் குறுக்கி உட்கார்ந்தது. வாயிலிருந்து நுரை. வயிற்றைத் தொட்டால் உள்ளே முந்திரிக்கொட்டைகளைச் சரம் கோத்த மாதிரி கையில் தட்டியது. ஒயர் கூடையில் பழைய சேலையைப் போட்டு, அதை வைத்து, மேலே துண்டைக் கட்டி, அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் மூன்று ஆடும் ஒரு கன்றுக்குட்டியும். ஆட்டுக்காரம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "பூனைக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க? அது தானா புல்லத் தின்னு சரியாக்கிக்குமே" என்றார். அப்புறம் பாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அய்ய, இது கெழவியால்ல இருக்கு. நீங்க முன்னாடி போங்க" என்று வழி விட்டார்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை நாளா?"

"ஆறு."

"மருந்து?"

"ரெண்டு நாளா பாதிங்க சார்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார். பின்பக்கமாக எனிமா கொடுத்து, ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் போனபோது சொன்னார்: "பெரம்பலூர்ல இதுக்கு வசதியுள்ள கிளினிக் ஒண்ணு இருக்கு. மயக்கம் குடுத்துதான் எடுக்கணும். ஆனா இந்த வயசுல, ஒடம்புல சத்து இல்ல. எந்திரிக்கும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. வீட்ல கேட்டுட்டுப் போங்க."

வீட்டில் கேட்பதென்றால் திருப்பூரில் கேட்க வேண்டும்.

பஸ் ஏறிவிட்டேன். என் பழைய ரூட். கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர்தான். "அண்ணே, கூடையில என்னா?" என்றார். துண்டை விலக்கிக் காட்டினேன். பின்பக்கம் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு மீன்காரம்மா, காலிக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் காலத்தில் மீன்கூடைகளை நான் ஏற்றவே விடமாட்டேன், நாற்றம் என்பேன். நல்லவேளை, அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

ஊரைத் தாண்டியதும் போனைப் போட்டேன். எடுத்ததும், "என்னங்க இந்நேரத்துல? போச்சா?"

"போகல."

"இன்னைக்கா?"

"ஆறு நாளா."

சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே போய்க்கொண்டிருந்தன. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். மயக்கம் கொடுப்பதையும், எழுந்திருக்காமல் போகலாம் என்பதையும் சொன்னேன்.

"அப்ப மருந்தப் பாதியாக்கச் சொன்னது..." என்றாள் மெதுவாக. "நான்தான் கெடுத்துட்டனா?"

"நீ என்ன பண்ண? பொய் சொன்னது நான்."

"நாந்தானங்க சொன்னேன், பாதி குடுங்கன்னு. என் வாயாலதான சொன்னேன்."

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் பொய்யை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு அழுதாள். முப்பது வருஷத்தில் பஸ்ஸில் எத்தனை அழுகையைக் கேட்டிருக்கிறேன். ஆறுதலாக எதையாவது சொல்லி இறக்கிவிடுவேன். அன்றைக்குக் கூடைமேல் கட்டிய துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "போனக் கூடைகிட்ட வைங்க" என்றாள். ஸ்பீக்கரில் போட்டு வைத்தேன். "பாப்பா... அம்மா இங்க இருக்கேன்டி... பயப்படாத, என்ன..." பாப்பாவின் ஒரு காது திரும்பியது. மீன்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எந்தத் திருப்பத்தில் எந்தப் பள்ளம் என்று அந்த ரோட்டில் எனக்கு மனப்பாடம். ஒரு பள்ளம் வரப்போவது தெரிந்து கூடையை மடியில் தூக்கிக்கொண்டேன். பஸ் இறங்கி ஏறியது. கூடைக்குள் பூனை எழுந்து நின்றது. இதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் கத்தியது. அடுத்து மடியில் சூடாக ஏதோ நனைந்தது. அப்புறம் நாற்றம். அந்த நாற்றத்தை நான் எழுதப்போவதில்லை, ஆறு நாள் சரக்கு.

முன் சீட்டிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார். "யார்ரா இது, மீன்கூடையப் பஸ்ஸுல ஏத்துனது?"

"ஹலோ, என்னைய ஏன் பாக்குறீங்க? என் கூடை காலி! வேணும்னா வந்து மோந்து பாருங்க" என்று மீன்காரம்மா எழுந்துவிட்டார். "இது அய்யாவோட கூடை!"

"ஜன்னலத் தெறங்கப்பா!"

"யோவ் கண்டக்டர், மூக்க அடச்சிக்கிட்டு டிக்கெட் குடுக்குறியே, எங்கள இறக்கி விடுய்யா!"

போனிலிருந்து என் மனைவி, "என்னங்க சத்தம்? பாப்பாவுக்கு என்னாச்சு?" என்று அலறினாள்.

"போச்சு! போயிடுச்சு!" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமாப் போச்சும்மா. என் மடியில."

"இன்னமும் ஏங்க பொய் சொல்றீங்க? செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க, நான் தாங்கிக்குறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. இதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்தது. மூன்று நாளாகப் பொய்யாகச் சொன்ன அதே வார்த்தைதானே.

மீன்காரம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "அம்மா, நான் பக்கத்து சீட்டு. இவர எனக்கு யாருன்னே தெரியாது, நான் ஏன் பொய் சொல்றேன்? போயிடுச்சும்மா. கல்லு கல்லா. இன்னமும் போயிக்கிட்டேதான் இருக்கு. ஒங்க வூட்டுக்காரரு வேட்டியப் பாத்தா நம்புவீங்க. பஸ்ஸு பூரா மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கோம்." போனைத் தூக்கிப் பிடித்து, "சொல்லுங்கய்யா எல்லாரும்!" என்றார். திட்டிக்கொண்டிருந்த முன் சீட்டுக்காரரே, "போயிடுச்சும்மா, நல்லாவே போயிடுச்சு" என்று கத்தினார். பஸ் சிரித்தது. போனில் அவளும் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. நான் வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே இறங்கி எங்கே கழுவுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெரம்பலூர் டாக்டர் பார்த்துவிட்டு, பெரும்பகுதி வந்துவிட்டது, இன்றைக்கு மயக்கம் வேண்டாம் என்றார். மிச்சத்துக்கு மருந்து ஏற்றினார். "ஆனா இது திரும்ப வரும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். பஸ் ஸ்டாண்ட் குழாயில் வேட்டியை அலசிக் கட்டிக்கொண்டு, ஈரத்தோடு திரும்பி வந்தேன்.

அவள் அதன்பிறகு என் வாய்ச்சொல்லை ஏற்கவில்லை. போட்டோ கேட்டாள். தினமும் காலையில் பேசினைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அவள் அங்கிருந்து பேரனின் போட்டோ அனுப்புவாள். நாற்பது நாள் முடிந்து வந்த பிறகு சிரிஞ்சை மறுபடி அவள் எடுத்துக்கொண்டாள். பேசினைப் பார்ப்பதை மட்டும் என்னிடமே விட்டுவிட்டாள்.

போன வாரம் மறுபடி திருப்பூர் போயிருக்கிறாள், குழந்தைக்கு மொட்டையடித்துக் காதுகுத்து. சிரிஞ்சு என் கையில். கட்டிலுக்கடியில் குனிய முடியாததால், கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். மூன்று மில்லியும் போகிறது. பாதி என் சட்டையில் துப்பினால் மறுபடி ஊற்றுகிறேன். இன்று காலை பாப்பா பேசினில் ஏறி, முக்கி, ஒன்றுமில்லாத மணலை மூடிவிட்டு என்னைப் பார்த்தது. வெறும் மணலைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"சரி. சாயங்காலம் பாருங்க" என்று பதில் வந்தது. பரங்கிக்காயைச் சீவ உட்கார்ந்தேன்.