மாறுகண் சாமி

என் அக்காவுக்கு இடது கண் கொஞ்சம் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும். ஊரில் அவளை ஒன்றரைக்கண்ணி என்றுதான் சொன்னார்கள். சொன்னவர்கள் வாயில் இன்றைக்கும் மண் விழட்டும். பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டமும் பார்த்த கையோடு எழுந்து போய்விட்டது. அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அவளைக் கட்டுத்தறிப் பக்கம் போகச் சொல்லிவிடுவார். அவளும் மாட்டோடு மாடாகப் போய் நிற்பாள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனாள்.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர். கல்யாணமாகாமல் செத்த பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். வைக்காமல் விட்டால் அவள் மனசு ஆறாது, பின்னால் பிறந்தவள் கழுத்தில் தாலி ஏறாது என்பார்கள். எனக்கு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போனபோது, குறி சொல்பவரும் அதையே சொன்னார்.

அப்பா குயவரிடம் சொல்லி முழ உயரத்தில் ஒரு பொம்மை செய்வித்தார். சுட்ட மண்ணுக்கு மஞ்சள் முகம், சிவப்புப் பாவாடை, கரிய சடை எல்லாம் பூசியாயிற்று. கண் மட்டும் எழுதவில்லை. அதை வீட்டில் வைத்துத்தான் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அது பொம்மை இல்லை, சாமி.

குயவர் வீட்டுக்கு வந்து, தென்மேற்கே கன்னிமூலையில் பொம்மையை வைத்து மை குழைத்துக்கொண்டிருந்தார். அம்மா எதிரில் போய் நின்றாள்.

"இடது கண்ணை மூக்குப் பக்கமாத் தள்ளி எழுதுங்க. என்ற புள்ளைக்கு அப்படித்தான்."

குயவர் அப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க, சாமிக்குக் குறை வெச்சு எழுதலாமுங்களா? எனக்குப் பயமா இருக்குதுங்க."

"உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?" என்றார் அப்பா, அம்மாவிடம். "பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நெனப்பாங்க? ஒலை வாயை மூடலாம், ஊரு வாயை மூட முடியுமா? இந்தக் குடும்பத்துக்கே இப்படீன்னு சின்னவளையும் வேண்டாம்பாங்க."

"நேரா முழிக்கற பொம்மைக்கு நான் வெளக்கு வெக்க மாட்டனுங்க. அது யாரோ ஊட்டுப் புள்ளை."

அப்பாவை அம்மா எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். பெற்றவள் விளக்கு வைக்காமல் கன்னி வீட்டில் தங்கமாட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். குயவர் வலது கண்ணை எழுதினார். இடது கண்ணுக்கு வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எழுதி முடித்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகம் யாருடையதோ, பார்வை அக்காவுடையது. "வந்துட்டியா கண்ணு" என்று அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கொஞ்ச நாளில் சித்தூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை. போட்டோவில் பார்த்தே எனக்கு அவரைப் பிடித்திருந்தது, இதில் என்ன வெட்கம். அவர்கள் வருகிற அன்று காலையில் அப்பா கன்னிமூலைக்குக் குறுக்கே ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினார். என் கல்யாணத்துக்காகக் கொண்டுவந்த சாமியை என் கல்யாணத்துக்காகவே மறைத்தாயிற்று. அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பையனின் அம்மா என்னைப் பார்த்து, "சாமி கும்பிட்டுட்டு வா கண்ணு" என்றார். நான் போய் அந்த வேட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். பின்னாலேயே வந்த என் அம்மா திரையை இழுத்துக் கீழே போட்டாள்.

"இது என்ற மூத்த புள்ளைங்க. அவளுக்குக் கண்ணு இப்படித்தானுங்க இருக்கும்."

பையனின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "ரத்தத்துலயே இருக்குமுங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனவர்கள், கடைசிவரை சொல்லி அனுப்பவில்லை.

அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை அம்மா விளக்குத் துலக்கும்போது போய்க் கேட்டே விட்டேன்.

"செத்தவளுக்காக என்ற வாழ்க்கைல மண்ணள்ளிப் போட்டுட்டயே. நான் உனக்குப் பொண்ணில்லியா?"

அம்மா புளியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீ கேக்கற, சாமி. அவ உசுரோட இருந்தப்ப ஒருக்காக்கூட எங்கிட்ட இப்படிக் கேக்கலியே. கேட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பனோ, அதுவும் எனக்குத் தெரியல."

துலக்கிய விளக்கை வாங்கிக் கழுவி வைத்தேன். கோபம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.