மொட்டைமாடியில் இரண்டு படகுகள்

மதுரை கோச்சடையில் வீடு கட்டிக் குடியிருக்கிற மனுஷனுக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று மரியராஜைக் கேட்காத ஆள் இல்லை. வைகையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடிக்கிற ஊர் இது. அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் வீட்டுக்காரியின் பதில். ஞானம் டீச்சரோ லேசில் பதில் சொல்லிவிடுகிற ஆள் இல்லை.

மரியராஜ் முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். முப்பது வருஷமும் கப்பலின் அடிவயிற்றில், எஞ்சின் அறையில். எண்ணெய் நாற்றமும் காதைக் கிழிக்கிற சத்தமும்தான் அவர் கண்ட கடல். மகள் பெர்சி பிறந்தபோது தென்னமெரிக்கா பக்கம் எங்கேயோ இருந்தார். ஊருக்கு வந்து முதல்முதலாகப் பார்த்தபோது அவள் தவழ்ந்து வந்து அவர் பெட்டியைத் தட்டினாள். ஞானம் டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக ஒற்றை ஆளாய் ஓடி அவளை ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தார்.

ரிட்டயர் ஆனதும் மரியராஜுக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. எஞ்சின் சத்தம் இல்லாமல் காற்றில் போகிற படகு ஒன்றைப் பழசாக வாங்கி, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி, கரையோரமாகவே ஊர் ஊராகப் போக வேண்டும். சென்னையில் தங்கிப் பாய் கட்டவும் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் தனியாகப் போகிற கடல் இனி ஆகாது. டீச்சர் வரவில்லை என்றால் படகும் இல்லை.

கொச்சியில் ஒன்றும் கோவாவில் ஒன்றும் விலைக்கு இருந்தன. இரண்டையும் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் விளக்கினார். கொச்சிப் படகு ஒல்லி, காற்று லேசாகத் தட்டினாலே பறக்கும். கோவாப் படகு நல்ல அகலம், நல்ல கனம். மெதுவாகத்தான் போகும், ஆனால் அலைக்கு அவ்வளவாக ஆடாது.

“கொச்சிக்காரி, கோவாக்காரின்னு ரெண்டு பேரைப் பத்தியும் இம்புட்டுப் பேசுறீங்களே, என்னையப் பத்தி என்னைக்காச்சும் இப்படிப் பேசியிருக்கீங்களா?” என்றார் டீச்சர்.

“நீ வருவியா மாட்டியா, அதைச் சொல்லு ஞானம்.”

“வாடகை வீடுன்னாலே உள்ள போய்ப் பாத்துட்டுத்தான சொல்லுவோம்? சும்மா எட்டிப் பாத்தா எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும். நாலு நாள் இருந்து பாக்கணும். அப்புறம் வாரேனா இல்லையான்னு சொல்றேன்.”

விற்கிறவர்கள் யாரும் நாலு நாள் இருந்து பார்க்க விடமாட்டார்கள். மரியராஜ் விடுவாரா? டீச்சரின் பழைய சாக்பீஸ் டப்பாவையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். இரண்டு படகுகளையும் பக்கத்தில் பக்கத்தில், நிஜ அளவில் வரைந்தார். உள்ளே சுவர் வருகிற இடத்தில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டார். கூரை எவ்வளவு தாழ்வு என்று காட்டக் குறுக்கே ஒரு கயிறு. மேலே வெயிலுக்குத் தார்ப்பாய். சாக்பீஸ் கோட்டைத் தாண்டினால் கடல் என்பது சட்டம்.

பக்கத்து வீட்டு டைல்ஸ் கடைக்காரர் தங்கப்பாண்டி சத்தம் கேட்டு ஏறி வந்தார். “என்னண்ணே, மாடியில ரூம் எடுக்கப் போறீகளா?”

“தங்கப்பாண்டி, நீ கடல்ல நிக்கிற,” என்றார் டீச்சர். மனுஷன் பதறிப்போய் ஒரே தாவலாகக் கோவாக்காரிக்குள் ஏறிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் மரியராஜின் மனசு கொச்சிக்காரியிடம்தான் இருந்தது. அந்த வேகத்தை நினைத்தாலே அவருக்குப் பத்து வயசு குறைந்தது. ஆனால் டீச்சரை வரவைக்கப் பார்த்து, வாய் நிறையக் கோவாக்காரியைத்தான் புகழ்ந்தார். அதில் நல்ல மெத்தை போட்டார், அடுப்படிக்கு நாற்காலி வைத்தார். கொச்சிக்காரிக்குக் கிடைத்தது பழைய பாய்.

முதலில் கோவாக்காரியில் குடித்தனம். டீச்சர் காலை நீட்டிப் படுத்தார், தாராளமாகச் சமைத்தார். சுக்கான் பிடிக்கிற இடம் போர்வைச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே மரியராஜ் மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடிக்கடி உள்ளேயிருந்து குரல் வரும்: “என்னங்க, இருக்கீங்களா?”

“இருக்கேன், இருக்கேன்.”

எத்தனை கலகலப்பு என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு கொச்சிக்காரிக்கு மாறினார்கள். அதில் சுக்கான் பிடிக்கிற இடத்திலிருந்து உள்ளே இறங்குகிற படிக்கு அடியிலேயே அடுப்பு. திரும்பினால் இடுப்பு இடிக்கும், படுத்தால் தோள் இடிக்கும். டீச்சர் பேசவே இல்லை. பேசாமல் சமைத்தார், பேசாமல் அவர் பக்கம் பார்த்தார், வெங்காயம் நறுக்கினார். ஒரு தடவைகூட “இருக்கீங்களா” என்று கேட்கவில்லை.

மரியராஜ் அதற்கு மேல் சோதிக்க விரும்பவில்லை. மறுநாள் காலையில் வாளியில் தண்ணீரும் விளக்குமாறுமாக வந்து கொச்சிக்காரியின் மூக்கிலிருந்து அழிக்கத் தொடங்கினார்.

“என்ன பண்றீங்க?” டீச்சர் படியேறி வந்தார்.

“உனக்கு இது பிடிக்கலை, தெரியுது. ரெண்டு நாளா வாயே திறக்கலையே.”

“எதுக்குத் திறக்கணும்? அந்தக் கோவாக்காரியில அடுப்படியில நின்னா போர்வைதான் தெரியுது, நீங்க இருக்கீங்களா இல்லையான்னு கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். இம்புட்டு வருசமா போன்ல கேட்டது போதாதா? இதுல தலையைத் தூக்குனா உங்க மூஞ்சி தெரியுது. எனக்கு அம்புட்டுத்தான் வேணும்.”

மரியராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. “உள்ள நின்னா எனக்குத் தலை இடிக்குமே ஞானம்,” என்றார்.

“உங்க தலைதான? இடிக்கட்டும்.” டீச்சர் வாளியை அவர் கையிலிருந்து வாங்கிக் கோவாக்காரி பக்கம் கொண்டுபோய் வைத்தார். “அந்தப் பெரிய வீட்டை அழிங்க. நம்ம புறப்படுற வரைக்கும் துணி காயப்போட எடம் வேணும்.”

மரியராஜ் போனார். தண்ணீரைத் தொடவில்லை. முதலில் அந்தப் போர்வையைத்தான் அவிழ்த்தார்.