கொலை நடந்த வீட்டில் ஒரு டீ

இன்று காலை, டவுன்ஹால் பக்கத்துச் சந்துகளில் பழைய குற்றங்கள் நடந்த இடங்களைச் சுற்றிக்காட்டும் டூருக்குத் தனியாகப் போயிருந்தேன்.

"நகைக்காக ஒரு அம்மாவைக் கொன்ன ஊடு இதுதானுங்க" என்று வழிகாட்டி சொன்னதும் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார்.

"ஏனுங்க, வாராவாரம் எங்கூட்டைப் பாக்க வாரீங்க. ஒருத்தராச்சும் உள்ள வந்தீங்களா?"

வழிகாட்டி சிரித்து மழுப்பிவிட்டுக் கூட்டத்தோடு நகர்ந்தார். எனக்குப் போக மனம் வரவில்லை. உள்ளே போனேன்.

டீ கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஊட்ல யாரெல்லாம் இருக்கறீங்க கண்ணு?"

"நான் மட்டுந்தானுங்க."

"நானும் அப்படித்தான். கொலை நடந்த ஊடுன்னு சொந்தக்காரங்க யாரும் எட்டிப் பாக்கறதில்ல. இந்த டூர்க்காரங்கதான் வாராங்க."

வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். வெளியே வந்து போனைப் பார்த்தேன். என்னைக் காணோமென்று யாரும் தேடியிருக்கவில்லை.

மிச்சக் கொலைகள் எங்கே நடந்தன என்று, இந்த டூர் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.