பொத்தான் டப்பாவில் நாத்தனார்

டெய்லரம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், பட்டினி கிடக்க மாட்டார். கத்தரிக்கோலை எடுப்பார். பயப்பட வேண்டாம், ஆளை ஒன்றும் செய்ய மாட்டார். அந்த ஆள் இருக்கும் படத்தை ஆல்பத்திலிருந்து உருவி, அவரை மட்டும் தலை முதல் கால் வரை வெட்டி எடுத்துவிடுவார். காலமெல்லாம் ரவிக்கை வெட்டிய கை. பக்கத்தில் நிற்பவரின் சுண்டுவிரல்கூடச் சேதமாகாது.

ஆனால் வெட்டியதைக் குப்பையில் போட மனசு வராது. நகம் அளவுத் துணியைக்கூட எதற்காவது ஆகும் என்று எடுத்துவைக்கிற ஜென்மம். அதனால் வெட்டுப்பட்டவர்கள் எல்லோரும் பொத்தான் டப்பாவில், கொக்கிகளோடு குடியிருந்தார்கள்.

அதில் முக்கால்வாசி இடம் நாத்தனாருக்கு. டெய்லரம்மாவின் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து கூப்பிடாமல் போனில் சொல்லிவிட்டார்கள் என்று முறுக்கிக்கொண்டு அவர் வரவில்லை. தலைக்கு மேல் வேலை கிடந்த மாதம் அது. நேரில் போக யாருக்கு நேரம்? கல்யாணத்துக்கு மறுநாளே நாத்தனார் சின்ன வயதுப் படம் முதற்கொண்டு எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். கல்யாணப் படம் வந்ததும் அதே சூட்டில் மாப்பிள்ளையின் அம்மாவும் போனார். டெய்லரம்மா ஆசையாகத் தைத்துக் கொடுத்த ரவிக்கையை, கல்யாண மண்டபத்தில் நாலு பேர் காதில் விழும்படி "தொளதொளன்னு இருக்கு" என்று சொன்னால் வேறு எங்கே போவது?

அதன்பின் வீட்டில் நாத்தனார் பேச்சே இல்லை. கணவர் வாயில்லாத மனிதர். ஒரே அக்கா, ஆனாலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் அடித்தால் மட்டும் முதல் ஆளாக எழுந்து ஓடுவார். ரவிக்கை தைத்தாயிற்றா என்று யாராவது கேட்பார்கள். மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். அதைப் பார்த்தால் டெய்லரம்மாவுக்கு நெஞ்சைப் பிசையும். தானாகப் போய்ப் பேசத்தான் ரோஷம் விடவில்லை.

ஒரு நாள் அந்தப் போன் வந்தேவிட்டது. நாத்தனார் வீட்டுக் கூரை ஒழுகி, படமெல்லாம் ஊறிப் போய்விட்டதாம்.

"அம்மா அப்பா முகத்தைப் பாக்க ஒரு படம்கூட இல்லடா தம்பி. உன்கிட்ட இருக்கிற ஆல்பத்தைப் பாக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரேன்."

கணவர் அன்றைக்கே சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார். டெய்லரம்மா ஆல்பத்தைத் திறந்து பார்த்தார். மாமனாருக்கும் மாமியாருக்கும் நடுவே ஒரு ஓட்டை அல்லவா நிற்கிறது! பார்த்தால் நாத்தனார் வந்த காலோடு திரும்பிவிடுவார். இந்த மனுஷன் இன்னொரு முறை போனுக்கு ஓட மாட்டார்.

ஞாயிறு காலை கணவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து ஒட்ட உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்ததில் இரண்டே ஓட்டைகள் பாக்கி. இரண்டு ஆட்களையும் குப்புறப் போட்டு முதுகில் பசை தடவியபோது வாசலில் மணி அடித்தது. சாயங்காலம் வருகிறேன் என்றவர் காலையிலேயே வந்து நின்றார்! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குப்புறக் கிடந்தவர்களைத் தூக்கி ஆளுக்கொரு ஓட்டையில் அப்பி, ஆல்பத்தை மூடிவிட்டுக் கதவைத் திறந்தார். பின்னாலேயே கணவரும் பையோடு வந்து சேர்ந்தார்.

"உக்காருங்க அண்ணி. டீ போடறேன்."

"டீ எங்க ஓடிப் போகுது? ஆல்பத்தைக் கொடு."

முதல் பக்கம் அம்மா அப்பா படம். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, கறுப்பு வெள்ளைப் படத்துல, எங்கப்பாவைப் பாதி மறைச்சுக்கிட்டு, கலர்ல நிக்குதே... இந்தப் பொம்பளை யாரு?"

வாயில்லாத மனிதர் வாயைத் திறக்க நல்ல நேரம் பார்த்தார். "அட, நம்ம சம்பந்தியம்மா!"

நாத்தனார் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு படத்திலும் தன்னைச் சுற்றியிருந்த வெட்டுக்கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். கடைசியில் கல்யாணப் படம். மண்டபமே கலரில் ஜொலிக்க, மாப்பிள்ளையின் அம்மா நிற்க வேண்டிய இடத்தில், இரட்டைச் சடையும் பாவாடையுமாக, கறுப்பு வெள்ளையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்.

"கோவத்துல வெட்டிட்டேன் அண்ணி." டெய்லரம்மா பொத்தான் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார். "ஆனா ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடலை. எல்லாத்தையும் பத்திரமா வச்சிருந்தேன்."

நாத்தனாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று கணவர் தண்ணீர் எடுக்க ஓடினார். சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"கடைசியில உன் பொண்ணு கல்யாணத்துக்கு வந்துட்டேன் பாரு. அதுவும் மாப்பிள்ளைக்கு அம்மாவா!"

"அன்னைக்கு முழுக்க வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன் அண்ணி."

"நானும் நல்ல புடவையைக் கட்டிக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருந்தேன். என்னத்தைச் சொல்ல!"

பசை இன்னும் காயவில்லை. டெய்லரம்மா அவசரமாக இரட்டைச் சடையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். நாத்தனார் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார்.

"கையை எடு. நான் இங்கயேதான் நிப்பேன். அந்தப் பக்கம் எங்கப்பாவை மறைக்கிற சம்பந்தியம்மாவை மட்டும் எடுத்துடு."

"எடுத்தா மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவுல வெறும் ஓட்டையா இருக்குமே அண்ணி. யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"பொண்ணு கல்யாணத்துக்குப் போயிருக்குன்னு சொல்லு."