பப்லுவைப் பற்றிய இரண்டு மனுக்கள்

மஞ்சக்குப்பத்தில், அரசு அலுவலகங்கள் இருக்கும் சாலையோரம் வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதும் ஜோதி மேரிக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. எந்தக் கருத்தானாலும் அடிதடியில்தான் போய் முடியும். தொலைக்காட்சித் தொடரில் மருமகளை அழவைக்கும் மாமியாருக்கு, "செவுளு பேந்துடற மாதிரி நாலு அறை உடணும்." ஓட்டுக் கேட்டு வந்துவிட்டு அப்புறம் தலைகாட்டாதவர்களை, "கம்பத்துல கட்டி வெச்சுத் தோல உரிக்கணும்." சண்டையில்லாத படத்துக்குப் போவதைவிட வீட்டில் படுத்துத் தூங்கலாம். நாய்களைப் பற்றியும் தீர்ப்பு தயார்: "கடிச்ச நாய கட்டையாலயே போட்டுத் தள்ளணும். ஊசி போட்டுக்கறது யாரு, நாமதான?"

பக்கத்து ஜெராக்ஸ் கடை சிந்தியா இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். இத்தனைக்கும் நாற்பத்தெட்டு வயது வரை ஜோதி மேரி யார் மீதும் கையோங்கியவர் இல்லை.

இருபத்திரண்டு ஆண்டுத் தொழிலில் அவர் கண்டறிந்த முறை ஒன்று உண்டு. உள்ளதை உள்ளபடி எழுதிய மனு கட்டின் அடியில் போய்விடும். எனவே ஒரு பங்கு நடந்தது, இரண்டு பங்கு நடக்கக்கூடியது. சாக்கடை அடைப்பு அவர் கையில் காலராவாகும். வரப்புத் தகராறு கொலைமிரட்டலாகும். எழுதுபவருக்கும் கொடுப்பவருக்கும் இது தெரியும். வாங்குபவருக்கும் தெரியும் என்றே அவர் நம்பினார்.

ஜூன் மாதம், குறைதீர்க்கும் நாளான ஒரு திங்கட்கிழமை தேவநாதன் வந்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலைத் தொழிலாளி. கண்கள் சிவந்திருந்தன.

"எதுத்த வூட்டு கலைமணி ஒரு நாயி வளக்குதுக்கா. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா பகல் பூரா கொரைக்குது."

"கடிச்சுதா?"

"இல்ல."

"தொரத்துச்சா?"

"வாலத்தான் ஆட்டும். கொரைக்கறதுதான் ஜாஸ்தி."

"கொரைக்குதுன்னு எழுதுனா படிக்கறவரு கொட்டாவி உடுவாரு தம்பி." பேனா ஓடத் தொடங்கியது: 'வெறிபிடித்த நிலையில் திரியும் மேற்படி நாய், சிறு குழந்தைகள் உள்ளிட்ட ஐவர் மீது பாய்ந்துள்ளது. உயிர்ச்சேதம் நிகழுமுன்...'

"அஞ்சு பேரா?"

"சும்மா இரு. அஞ்சுன்னாதான் அசைவாங்க."

மனுவைக் கொடுத்துவிட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் எண்ணும் வாங்கிக்கொண்டான் தேவநாதன். அதைப் படமெடுத்துத் தெரு வாட்சப் குழுவில் போட்டான். காகிதம் வந்து சேர்ந்தது என்பது மட்டுமே அந்த முத்திரையின் பொருள். தெரு அதை வேறாகப் படித்தது. மறுநாள் பகல் பதினொன்று இருபதுக்கு, மூன்று கை மாறி, ஜோதி மேரியின் பங்குக் கோயில் பெண்கள் குழுவுக்கே அந்தப் படம் வந்தது: 'அரசு உத்தரவு. வெறிநாய். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். பசங்க கிளம்பிட்டாங்க.' படத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து.

மேசையை அப்படியே போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். அவர் போய்ச் சேர்ந்தபோது ஆறு பேர் சவுக்குக் கட்டைகளோடு ஒரு சரக்கு ஆட்டோவைச் சூழ்ந்து நின்றார்கள். கலைமணியின் நாய் பப்லு பின்னங்கால் முறிந்து அதனடியில் கிடந்தது. காடாம்புலியூர்ப் பலாவை அறுத்துச் சுளை விற்கும் கலைமணி, பால் பிசுக்கு காயாத கத்தியை வீசிக்கொண்டிருந்தாள். கட்டையோடு முன்னால் நின்ற தெருப் பையன் அருண்குமாரின் முழங்கை ஏற்கெனவே பிளந்து, ரத்தம் விரல்வழியே சொட்டியது.

"கிட்ட வந்தீங்கன்னா கொடல உருவிடுவேன்!"

தேவநாதன் லுங்கியோடு தன் வாசலில் வெளிறி நின்றான். "நான் அடிக்கச் சொல்லலக்கா. சத்தியமா சொல்லல."

ஜோதி மேரி கூட்டத்துக்குள் புகுந்தார். "நிறுத்துங்கடா! அது வெறிநாயி இல்ல. அத எழுதுனவ நான்தான். பொய்யி எழுதுனேன்!"

"சீல் அடிச்ச பேப்பருக்கா," என்றான் அருண்குமார். "நீங்க பொய்யின்னா கவர்மெண்ட்டும் பொய்யா?"

பின்னாலிருந்து சேரன் சிரித்தான். சென்ற மாதம் அவனுடைய அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்தவர் ஜோதி மேரிதான். "கட்டையாலயே போட்டுத் தள்ளணும்னு அன்னிக்கு நீங்கதானக்கா சொன்னீங்க? இப்ப இன்னாத்துக்குக் குறுக்க வர்றீங்க?"

ஜோதி மேரி குனிந்து ஆட்டோவை மறைத்தபடி உட்கார்ந்தார். இறங்கிய கட்டை அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த ஓசை வலிக்கு முன்பே கேட்டது. இரண்டு பேர் கலைமணியின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். கத்தி சாக்கடையில் விழுந்தது. சேரன் நாயை முறிந்த காலைப் பிடித்தே வெளியே இழுத்தான்.

படங்களில் அடிக்கு இடி முழங்கும். இங்கே நனைந்த துணியைக் கல்லில் அடிப்பதுபோல் மட்டும் கேட்டது. ஜோதி மேரி எண்ணினார். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினொன்று. நான்காவதில் தாடை உடைந்தது. ஏழாவதோடு முனகல் நின்றது. அதற்கு மேலும் நான்கு விழுந்தன. கடைசிவரை அது யாரையும் கடிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நெற்றியில் தையலோடு கலைமணி மேசைக்கு வந்தாள். கத்தியால் வெட்டியதாக அருண்குமார் அவள் மீது புகார் கொடுத்திருந்தான். வெறிநாயைப் பிடிக்க வந்தவர்களைத் தடுத்தாள் என்பது அவன் கட்சி. சாட்சி, முத்திரையிட்ட அந்த நகல்.

"நீ எழுதுனதுதான என்னிய உள்ள தள்ளப் போவுது?" என்றாள் கலைமணி. "நீயே மாத்தி எழுது. எதையும் சேக்காத. எதையும் உடாத."

மாவுக்கட்டுப் போட்ட கையை ஜோதி மேரி மடியில் வைத்துக்கொண்டார். பேனாவை சிந்தியா எடுத்தாள். "சொல்லுங்கக்கா."

"மொதல்ல, முந்தைய மனுவுல உள்ளது பொய்யின்னு போடு. எழுதுனது ஜோதி மேரின்னு போடு."

"அக்கா, அப்புறம் உங்ககிட்ட யாரு வருவா?"

"போடுடி."

சிந்தியா எழுதினாள். பின் நிமிர்ந்தாள். "'வெறித்தனமாக, ஈவிரக்கமின்றித் தாக்கி'ன்னு போடட்டா? அப்பதான் படிப்பாங்க."

ஜோதி மேரி கலைமணியைப் பார்த்தார்.

"அதெல்லாம் வேணாம்," என்றார். "பதினோரு அடின்னு போடு."