வரப்பில் நடந்து போன என் முதுகு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் பதினேழு வருஷம் இருந்தவன், செத்தவர்களைத் தூக்கியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், பிணவறைக்கு அடுத்த அறையில் கட்டில் போட்டுத் தூங்கியிருக்கிறேன், ஒருத்தர்கூட எழுந்து வந்து என்னிடம் மணி கேட்டதில்லை. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் வாய்க்குள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது இருட்டில் பார்த்த நிழல் இல்லை. பட்டப்பகல், பதினொரு மணி, சாரல் விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரம், மூன்று பேர் கண்ணால் பார்த்தது.

என் பெயர் முருகையா, ஊர் இலத்தூர். ஓய்வு பெற்று வந்த பிறகு சும்மா இருக்க முடியாமல், சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்களை அரை நாள் நடைக்குக் கூட்டிப் போகிற வேலையை எடுத்துக்கொண்டேன். அருவியில் இரண்டு நாள் குளித்து முடித்தவர்கள் மூன்றாம் நாள் என்ன செய்வது என்று முழிப்பார்கள் இல்லையா, அவர்கள்தான் எனக்கு ஆள். காலையில் வேனில் புளியறைப் பக்கம் போய் இறங்கி, நாற்று நட்ட வயல்கள் வழியாக நடந்து, மலையடியில் இரண்டு மூன்று குக்கிராமங்களைப் பார்த்து, படிப்படியாக மேலே ஏறுகிற வயல்களில் வரப்பு மேலேயே ஏறி, அங்கே ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் இறங்கிவிடலாம். பெரிய ஏற்றம் ஒன்றும் கிடையாது, அறுபது வயசுக்காரர்கள் சாதாரணமாக நடப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்தின ஆனி மாசம். அன்றைக்கு வந்தது மதுரையிலிருந்து ஒரு குடும்பம். ராஜாராம் சார், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர். அவர் மனைவி கமலா டீச்சர், தலைமையாசிரியையாக இருந்தவர், எதைப் பார்த்தாலும் பெயர் கேட்பார். இவர்கள் மகள் நித்யா, முப்பது வயசு இருக்கும், வேனில் இருந்து இறங்கியதிலிருந்து கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே வந்தாள். நல்ல மனுஷர்கள். வரப்பில் சார் வழுக்கி உட்கார்ந்துவிட்டபோது அம்மாவும் மகளும் சிரித்தார்கள், சாரும் சேர்ந்து சிரித்தார்.

நாங்கள் சாப்பிடுகிற வீடு பேச்சி மைனி வீடு. மைனி என்றால் எங்கள் பக்கம் அண்ணி, ஆனால் சொந்தம் இல்லை, பழக்கத்தில் வந்த முறை. அந்த வீட்டுக்குப் போகிற பாதை ஓர் ஓடையை ஒட்டியே போகும். ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர், நடுவில் மெத்தை போட்ட மாதிரி ஒரு பெரிய பாறை. எல்லாரும் அங்கே உட்கார்ந்து காலை நனைப்பது வழக்கம். அவர்களும் உட்கார்ந்தார்கள்.

"சார், இங்கன இருங்க. நான் மேல போயி சாப்பாட்டுக்குச் சொல்லிட்டு அஞ்சு நிமிசத்துல வாரேன்" என்றேன். அங்கே போனில் சிக்னல் கிடையாது, நேரில்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. அஞ்சு நிமிஷத்தில் நான் வரவில்லை. ஓடை வளைவுக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருக்கிற வீடு அது, அங்கிருந்து பாறை தெரியாது. மைனியின் மகன் போலீஸ் தேர்வில் ஓட்டத்தில் தேறிவிட்டான் என்று மைனி சொன்னாள். ஒரு கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். நான் ஒரு பீடி பற்றவைத்தேன். அவனுக்கு மருத்துவப் பரிசோதனையில் என்ன பார்ப்பார்கள், என்ன சாப்பிட வேண்டும் என்று நான் சொல்ல, அவள் கேட்க, அப்படியே போய்விட்டது. எழுந்திருக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று இருபது. போய் இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

பாதி வழி இறங்கியபோது சத்தம் கேட்டது. லாரி ஏற்றத்தில் திணறுகிற மாதிரி. இங்கே மலைச் சாலை இல்லை, லாரி எப்படி வரும் என்று ஒரு நொடி நினைத்தேன், அடுத்த நொடி எனக்குப் புரிந்துவிட்டது. வளைவில் திரும்பிப் பார்க்கிறேன், ஓடை இல்லை. செக்கச்செவேல் என்று காட்டுத் தண்ணீர், கிளையும் மூங்கிலுமாக உருண்டு போகிறது. நமக்கு வெயில், மேலே மலையில் எங்கோ மழை கொட்டியிருக்கிறது. பாறை இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. டீச்சரின் துணிப்பை மட்டும் ஒரு புங்கன் கிளையில் மாட்டித் தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் எத்தனையோ பார்த்தவன் என்று சொன்னேன் இல்லையா. இது வேறு. மூன்று உயிர். என்னை நம்பி உட்கார்ந்தவர்கள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். "சார், டீச்சர்" என்று கத்திக்கொண்டு கரையோரமாகவே கீழ்நோக்கி ஓடினேன், முள் கிழித்தது, விழுந்தேன், எழுந்து ஓடினேன். கீழே ஒரு தாழம்புதர் இருக்கிறது, அங்கே ஓடை திரும்பும், அடித்து வருவதெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். அங்கே ஏதோ துணி மாதிரி தெரிந்தது. இறங்கினால் நானும் போய்விடுவேன் என்று நன்றாகத் தெரியும், இருந்தாலும் இறங்கிவிட வேண்டியதுதான் என்று ஒரு காலைத் தண்ணீருக்கு நேராகத் தூக்கிவிட்டேன்.

"அண்ணே!" என்று மேலே இருந்து ஒரு குரல்.

நிமிர்ந்து பார்க்கிறேன். அஞ்சாறு வயல் மேலே, ஒரு பலா மரத்தடியில் மூன்று பேரும் நிற்கிறார்கள். நித்யா கையை ஆட்டுகிறாள்.

எப்படி ஏறினேன் என்று தெரியாது, வரப்பையெல்லாம் மிதித்து நேராக ஏறிப் போய் நின்றேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டீச்சர் முகம் அழுது வீங்கியிருந்தது. என்னைக் கட்டிப் பிடிக்காத குறையாக வந்து என் சட்டையைத் தொட்டார். தொட்ட கையை அப்படியே எடுத்துக்கொண்டார்.

"ஈரமே இல்லையே" என்றார்.

"நான் எங்க டீச்சர் நனைஞ்சேன்? நீங்க தப்பிச்சதே போதும். எப்படி மேல வந்திய?"

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சார்தான் பேசினார், குரலில் கோபம் இருந்தது. "என்னங்க விளையாடுறீங்க? நீங்கதானே வந்து எங்களை விரட்டுனீங்க. ஏலே எந்திரிலேன்னு என்னை இத்தனை வயசுக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. சரி, உயிரைக் காப்பாத்தத்தான் சொல்லியிருக்கீங்க, அதை விடுங்க. எங்களை இங்க உட்கார வச்சுட்டு நீங்க ஏன் திரும்ப இறங்கினீங்க? நீங்க இறங்கின ரெண்டாவது நிமிஷம் தண்ணி வந்துச்சு. நீங்க போயிட்டீங்கன்னே நினைச்சோம். இவ அழுதுகிட்டே இருந்தா."

பயத்தில் மூளை குழம்பியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன், அடிபட்டவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டிருக்கிறேன். மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான். நான் மேட்டு வீட்டுப் பக்கத்திலிருந்து வரவில்லை, கீழே தாழம்புதருக்குள்ளிருந்து வந்தேனாம். நெஞ்சு வரைக்கும் நனைந்திருந்தேனாம். குரல் கட்டிப்போய் இருந்ததாம், நாள் முழுக்கக் கத்தினவன் குரல் மாதிரி. எந்திரிங்கலே, மேல ஏறுங்கலே என்று சொல்லிவிட்டு வரப்பில் முன்னால் நடந்தேனாம், திரும்பியே பார்க்கவில்லையாம். பலா மரத்தடியில், நான் வார வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேனாம்.

"முட்டளவு தண்ணியில இவர் எப்படி நெஞ்சு வரைக்கும் நனைஞ்சார்னு நான் அப்பவே யோசிச்சேன்" என்றார் டீச்சர்.

அதற்குள் என் கத்தல் கேட்டுப் பேச்சி மைனி மூச்சு வாங்க இறங்கி வந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது. "என்ன தம்பி, என்ன ஆச்சு? எல்லாரும் இருக்காகளா?" என்றாள்.

"மைனி, நான் உங்க வீட்டுல இருந்து நடுவுல எங்கயும் போனனா?"

"எங்க போனிய? காப்பியக் குடிச்சுட்டு எம்மவன் கதையக் கேட்டுக்கிட்டுல்லா இருந்திய. இப்பத்தான எந்திரிச்சு வந்திய. ஏன் கேக்கிய?"

அதைக் கேட்டதும் சார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நித்யா போனைத் திறந்து என்னிடம் நீட்டினாள். ஓடையிலிருந்து ஏறும்போது அவள் வீடியோவை நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. நேரம் பதினொன்று ஆறு என்று போட்டிருந்தது. அந்த நேரத்தில் நான் மைனி வீட்டில் இருந்தேன்.

படம் ஆடுகிறது, வரப்பு தெரிகிறது, நாற்று தெரிகிறது, மூச்சிரைப்பு கேட்கிறது. முன்னால் ஓர் ஆள் போகிறான், முகம் எங்கும் விழவில்லை. என் காக்கிச் சட்டை. என் தலைத்துண்டு. காலில் குண்டுச் சிதறல் பட்டதிலிருந்து நான் இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பேன், அதே சாய்வு. சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, தண்ணீர் சொட்டுகிறது. நம் முதுகை நாம் எங்கே பார்க்கிறோம், ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. மைனி எட்டிப் பார்த்தாள். "நீங்கதான" என்றாள், பிறகு என்னைப் பார்த்தாள், கரண்டி கையிலிருந்து நழுவி வயலில் விழுந்தது, அதை அவள் எடுக்கவே இல்லை.

யாரும் சாப்பிடவில்லை. வேறு வழியாகச் சுற்றி இறங்கினோம். வேனில் ஏறும்போது டீச்சரை மட்டும் தனியாக நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஓடையில் அவன் வந்து நின்றபோது பக்கத்தில் இருந்தது அவர்தான்.

"உங்க முகந்தான். ஆனா அழுதுகிட்டு இருந்தீங்க. எங்களைப் பார்த்ததும் இன்னும் ஜாஸ்தியா அழுதீங்க" என்றார். பிறகு வேனில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் காய்ச்சல். மனைவி கேட்டதற்கு மழையில் நனைந்துவிட்டேன் என்றேன். பிறகு அந்த வேலையை விடவில்லை, விட்டிருந்தால் பயந்து விட்டுவிட்டேன் என்று ஆகியிருக்கும், ஆனால் அந்த ஓடைக்குப் போவதில்லை. எந்த இடத்திலும் ஆட்களை உட்கார வைத்துவிட்டு நான் பத்தடி நகர்வதில்லை. ஒருத்தர் ஒதுங்கப் போனாலும் அவர் வருகிற வரை அத்தனை பேரையும் நிறுத்தி வைப்பேன், திட்டிக்கொண்டே நிற்பார்கள், நிற்கட்டும்.

அந்த வீடியோவை நித்யாவிடம் கேட்டு வாங்கி ஒரு மாசம் பார்க்காமலே வைத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் அதைத் தன் கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டான். அவனுக்கு நம்பிக்கை இல்லை, நான்தான் காய்ச்சலில் உளறினேன் என்று எண்ணம். ஓர் இடத்தில் நிறுத்தி, "மாமா, கையில என்ன வச்சிருக்கீய?" என்றான்.

வரப்பு திரும்புகிற இடம். முன்னால் போகிறவனின் வலது கை ஒரு நொடி தெரிகிறது. அந்தக் கையில் ஒரு செருப்பு. பொம்பளைச் செருப்பு, ஒற்றை, நீல வார், அதில் சேறு. இறுக்கிப் பிடித்திருக்கிறான்.

அன்றைக்கே நித்யாவுக்குப் போன் போட்டேன். அன்னைக்கு என்ன செருப்பும்மா போட்டிருந்தே என்று மட்டும் கேட்டேன், வேறு எதுவும் சொல்லவில்லை.

"நீல வார் வச்சது அண்ணே. முந்தின நாள் தென்காசியிலதான் வாங்கினேன். ஏன்?"

"தொலைஞ்சு போச்சா?"

"இல்லையே, ரெண்டும் வீட்டுலதான் இருக்கு. எதுக்குக் கேக்கிறீங்க?"

சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், நீங்கள் கேட்டால் உங்களுக்கும் காட்டுகிறேன். அந்தக் கை தெரிந்து நான்கு நொடி கழித்து நித்யா தடுக்கி விழப் போகிறாள், போன் கீழே சாய்கிறது, அவளுடைய இரண்டு பாதமும் வரப்பு மண்ணில் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டு காலிலும் நீல வார்ச் செருப்பு இருக்கிறது. புதுசு, ஓடையில் கழுவின வாரில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.