நெளிந்த டைல்ஸும் என் இடது கண்ணும்

உக்குவளை வீட்டுக் குசினிச் சுவரில் டைல்ஸ் ஒட்டிய மேசன் பாஸோடு ஒரு நாள் சண்டை பிடித்தேன். "கோடெல்லாம் பாம்பு மாதிரி நெளியுது பாஸ்!" பாவம், அவர் மட்டம் பார்க்கும் கட்டையை வைத்துக் காட்டினார். அதுவும் நெளிந்துதான் தெரிந்தது. "இந்தக் கட்டையையும் மாத்துங்க" என்றேன். என் கணவர் வந்து என் இடது கண்ணைப் பொத்தினார். கோடுகள் நிமிர்ந்துவிட்டன. பாஸுக்கு அன்று தேத்தண்ணியோடு வடையும் கொடுத்தேன்.

சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார் மாத்தளையில் கண் டாக்டர். கண்ணுக்குள்ளேயே ஸ்டீராய்ட் ஊசி போட வேண்டுமாம். கேட்டதும் கதிரையை இறுக்கிப் பிடித்தது நான் இல்லை, என் கணவர். மரத்துப்போக மருந்து விட்டதால் எனக்கு லேசாக அழுத்தியதோடு சரி. பிறகு சில நாள் கண்ணுக்குள் கறுப்பாக என்னவோ மிதந்தது. ஈ என்று நினைத்துச் சோற்றுக்கு மேலே கையை வீசிக்கொண்டே சாப்பிட்டேன்.

போன மாதம் மறுபடி ஸ்கேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, படம் எடுக்கும் பிள்ளை மெஷின் முன்னால் உட்கார வைத்தாள்.

"நாடிய இதுல வைங்க. பச்சை வெளிச்சத்தையே பாருங்க. பேசாதீங்க அம்மா."

"இல்ல மகள், பேசல" என்றேன். நாடி ஆடிப் படம் கலங்கிப்போனது. அடுத்த முறை, "சரியா வந்துச்சா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அவ வாய மூடுறதுக்கும் ஏதாச்சும் ஊசி இருக்கா மிஸ்?" என்றார் கதவோரம் நின்ற என் கணவர். கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். படம் அருமையாக வந்தது.

டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். பழையதில் நடுவில் ஒரு மேடு. புதியதில் சின்னக் குழி.

"ஐயோ, பள்ளம் விழுந்திருச்சே டாக்டர்!" என் கணவர் பதறிவிட்டார்.

"அந்த இடத்துல பள்ளம்தான் இருக்கணும். வீக்கம் வத்திருச்சு." ஊசியால் கண் பிரஷர் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்தார், ஏறவில்லை. "ஆனா சீனி கூடினா திரும்பவும் வீங்கும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் வெயில் கண்ணைக் குத்தியது. சொட்டு மருந்தின் வேலை, எல்லாம் ஒரே மங்கல். பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இனிமே வீட்டுல இனிப்பே கிடையாது. எனக்கு முன்னால நீங்களும் திங்கக் கூடாது. விளங்குதா?"

"ஹொந்தாய், அக்கே" என்று, சரி அக்கா என்பதைச் சிங்களத்தில் பணிவாகச் சொன்னது முன்பின் கேட்டிராத ஒரு குரல்.

என் கணவர் தண்ணீர்ப் போத்தலோடு எதிரே நின்று குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மனிதருக்குத் தமிழ் விளங்கியிருந்தது, கொஞ்சமும் கோபமில்லை. தன் மனைவியும் காலையில் இதையேதான் சொல்லி அனுப்பினாராம்.